முதியோரின் மனத்தடுமாற்றம்: பழி மயக்கமருந்துக்கு மட்டுந்தானா?

விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட எண்பது வயது மூதாட்டி ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. எலும்பு செம்மையாகப் பொருத்தப்பட்டுவிட்டதாக வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆனால் மறுநாள் இரவு அவர் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார். என்றோ மறைந்துபோன கணவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கையில் ஏற்றப்பட்டுள்ள சேலைன் குழாயைப் பிடுங்க முற்படுகிறார். மயக்கமருந்தைக் கொடுத்து ஆளை அறளை பெயரச் செய்துவிட்டார்கள் என்று உறவினர்கள் புலம்பத் தொடங்குவது இத்தருணத்திலேதான். இந்த அச்சத்தினாலேயே, அவசியமான சத்திரசிகிச்சைக்குக்கூட முதியவர்களை உட்படுத்தக் குடும்பத்தினர் தயங்குவதுண்டு.

இச்சந்தேகம் பாமரர்களுக்கு மட்டும் உரியதன்று. பொஸ்டன் நகரில் 1846 ஆம் ஆண்டு மோர்ட்டன் ஈதரின் ஆற்றலைப் பகிரங்கமாகச் செய்துகாட்டி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், 1955 இல் பெட்போர்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதே ஐயத்தை லான்செட் சஞ்சிகையில் எழுப்பினார். மயக்கமருந்து பெற்ற, 50 வயதைக் கடந்த 1193 பேரின் விபரங்களை ஆராய்ந்த அவர், ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் மனவாற்றல் குன்றியிருக்கக் கண்டார். மயக்கமருந்தையும் குருதி அமுக்கம் வீழ்ச்சியடைவதையுமே அவர் சந்தேகித்தார். 1998 இல் வெளியான, பல நாட்டு வைத்தியசாலைகளில் 60 வயதைக் கடந்த 1218 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், ஒரு வாரத்தின் பின் 25.8 வீதமானோரிடமும் மூன்று மாதங்களின் பின் 9.9 வீதமானோரிடமும் நினைவாற்றல், கவனம் என்பன குறைந்திருந்தமை தெரியவந்தது. ஆயினும் ஒட்சிசன் குறைவோ குருதி அமுக்க வீழ்ச்சியோ இதற்குக் காரணமாகத் தென்படவில்லை.

மயக்கமருந்துதான் குற்றவாளி என்றால், முள்ளந்தண்டில் ஊசியேற்றி இடுப்பிற்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தால் மூளை தப்பிவிட வேண்டுமல்லவா? 2021 இல் வெளியான ஆய்வொன்றில், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. முள்ளந்தண்டு ஊசி பெற்றவர்களில் 20.5 வீதமானோரும், முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 வீதமானோரும் மனத்தடுமாற்றத்திற்கு உள்ளாகினர். வேறுபாடு இல்லையென்றே கூறவேண்டும். சீனாவில் 950 பேரிடம் நடைபெற்ற ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது.

எனவே ஆய்வாளர்களின் கவனம் சத்திரசிகிச்சை என்ற காயத்தின் மீதே திரும்பியுள்ளது. எலும்போ தசையோ சிதையும்போது உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் விழித்தெழுந்து அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் குருதியில் சொரிகின்றன. காலெலும்பு முறிக்கப்பட்டுச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்ட எலிகளில், இப்புரதங்கள் குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தளர்த்தி, நினைவைப் பேணும் மூளைப் பகுதியிலும் அழற்சியை உண்டாக்குவது அவதானிக்கப்பட்டுள்ளது. இளம் மூளை இத்தாக்கத்தை விரைவில் சமாளித்துவிடும். முதுமையினாலோ ஆரம்பநிலை மறதி நோயினாலோ ஏற்கனவே நலிவுற்ற மூளைக்கு அது கடினம். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கில்லை. மயக்கமருந்துக்கு முழு நற்சான்று வழங்கவும் முடியாது. அதன் ஆழத்தைக் குறைப்பதால் பயனுண்டா என்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஆனால் இத்தடுமாற்றத்தை ஓரளவு தவிர்க்கலாம் என்பதில் முரண்பாடு இல்லை. 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை முதியோர் நல வைத்தியர்களும் சேர்ந்து பராமரித்தபோது, தடுமாற்றம் 50 வீதத்திலிருந்து 32 வீதமாகக் குறைந்தது. அங்கு புதிய மருந்தெதுவும் வழங்கப்படவில்லை. வலியை அளவாகத் தணித்தல், தேவையற்ற மருந்துகளையும் சிறுநீர்க் குழாயையும் விரைவில் அகற்றுதல், எழுப்பி நடமாடச் செய்தல் போன்றவையே செய்யப்பட்டன. மூக்குக்கண்ணாடியையும் செவிப்புலக் கருவியையும் உடனே திருப்பிக் கொடுப்பதும், இரவில் உறங்க விடுவதும், பழகிய முகமொன்று அருகில் இருப்பதும் இத்தகையனவே. நெரிசல் மிக்க விடுதிகளில் இவற்றுட் சிலவற்றை உறவினர்தான் செய்யவேண்டியிருக்கும். நித்திரைக் குளிசை, ஒவ்வாமைக் குளிசை, மதுப் பழக்கம் என்பவற்றை மயக்கமருந்து வைத்திய நிபுணரிடம் முன்கூட்டியே மறைக்காது கூறுவதும் அவர்களுடைய கையிலேயே உள்ளது.

இடுப்பெலும்பு முறிவைப் பொறுத்தவரை, அஞ்சித் தாமதிப்பதே கூடிய ஆபத்து. படுக்கையில் கிடப்பவருக்கு நியூமோனியாவும் படுக்கைப் புண்ணும் வருவதுடன், வலியினாலேயே மனம் தடுமாறும். சத்தமிட்டுக் குழாயைப் பிடுங்குபவரை எவரும் கவனிப்பர். உண்ணாமல், பேசாமல், அரைத்தூக்கத்தில் கிடப்பவரும் அதே நிலையில் இருக்கக்கூடும். அவரை நல்ல நித்திரை என்று விட்டுவிடாமல் தாதியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.