எட்டுத் தாளில் இராமாயணம்

பாலக்காட்டுக் கோயில்களில் இரவெல்லாம் ஆடும் தோல்பாவைகளின் கோடுகள் கம்ப்யூட்டர் திரைக்கு இடம் மாறினால் கிடைப்பது என்ன, நழுவுவது என்ன?

இரவு பத்து மணிக்கு மேல். ஷொர்ணூருக்குப் பக்கத்தில், பாரதப்புழையை ஒட்டிய ஊர்களில் ஒரு பகவதி கோயில். எதிரே ஓடு வேய்ந்த நீண்ட கட்டடம்; அதுதான் கூத்துமாடம். சுமார் 42 அடி நீளத்துக்குத் திரை. மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி கறுப்பு. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்குகள். மரத்தோல் போலக் கறுத்த உருவங்கள் திரையில் நிழலாக அசைகின்றன. புலவர் பாட்டைச் சொல்லி, அதற்குப் பொருள் விரிக்கிறார். பாட்டு தமிழ். கம்பனுடையது.

எதிரே மணலில்தான் ஆளில்லை. பல இரவுகளில் ஒருவர்கூட இருப்பதில்லை. அதில் புலவர்களுக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகவும் தெரிவதில்லை. கூத்து பகவதிக்காக நடப்பது. தாரிகாசுரனோடு போரில் இருந்ததால் பத்ரகாளியால் இராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அந்தக் குறை தீர ஆண்டுதோறும் நிழலில் காட்டப்படுகிறது என்பது ஐதீகம். ஆளில்லாத இந்த அரங்கம் ஆராய்ச்சியாளர்களைத் திகைக்க வைத்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1996-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது.

தெய்வம் பார்க்கிறது, சரி. ஆனால் பாவையைச் செய்யவும் ஆட்டவும் மனிதர்கள் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முழு இராமாயணத்தையும் ஆட சுமார் 160 பாவைகள் வேண்டும். பாத்திரங்கள் எழுபதுக்குச் சற்று மேல்தான். ஆனால் உட்கார்ந்த இராமன் வேறு, நடக்கும் இராமன் வேறு, வில்லேந்திப் போரிடும் இராமன் வேறு. ஒரே பாவையை மடக்கி உட்கார வைக்க முடியாது. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டும்தான் அசையும். மற்றபடி உடல் முழுவதும் ஒரே தகடு. நடுவில் ஒரு குச்சி, அசையும் கைக்கு இன்னொரு குச்சி. முடிந்தது.

முற்காலத்தில் இவை மான்தோலில் வெட்டப்பட்டன. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான்தோலுக்கு வழியில்லை. இன்று ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்தான். மயிர் நீக்கிக் காயவைத்த தோலில் உருவத்தை வரைந்து கொள்ள வேண்டும். பிறகு உளிகளால் கொத்த வேண்டும். புள்ளி, பிறை, நெல்மணி என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு உளி. கிரீடத்தின் கற்கள், ஆடையின் மடிப்பு, ஆபரணங்கள் எல்லாம் இந்தத் துளைகள்தான். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஆடும் பாவைகள் ஒளி ஊடுருவும் தோலில் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டப்பட்டவை. திரையில் வண்ணமே விழும். பாலக்காட்டுப் பாவை அப்படியல்ல. அதன் தோல் ஒளியை மறைக்கும். திரையில் விழுவது இருட்டு; அதற்குள் துளை வழியாக வரும் வெளிச்சம்தான் சித்திரம்.

இந்த ஒரு குணத்தால்தான், எந்தப் பாவைக் கலையையும் விட இது கம்ப்யூட்டருக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது.

கோடு என்னும் கணக்கு

கம்ப்யூட்டரில் படம் வரைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புகைப்படம் போலப் பல லட்சம் புள்ளிகளாகச் சேமிப்பது. பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாக உடையும். இன்னொன்று வெக்டார். இதில் புள்ளிகள் இல்லை, கோட்டின் கணக்கு மட்டும்தான் இருக்கும். ஒரு வளைவுக்கு நான்கு இடங்கள் போதும்: தொடக்கம், முடிவு, வளைவை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். மவுஸால் கைப்பிடியை இழுத்தால் கோடு நாணலைப் போல் வளைந்து கொடுக்கும்.

இந்தக் கணக்கு சித்திரக்காரர்களுக்காக வந்ததல்ல. கார் உடம்பின் வளைவுகளைத் துல்லியமாகக் குறிக்க வழி தேடிய பிரெஞ்சுக்காரர்களின் வேலை. சித்ரோயன் கம்பெனியில் பால் த கஸ்தல்ஜோ 1959-லேயே கண்டுபிடித்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக் கொண்டது. ரெனோவில் இருந்த பியர் பெசியர் 1960-களில் வெளியே சொன்னார். பெயர் அவருக்குப் போய்விட்டது. 1987-ல் அடோபி இல்லஸ்ட்ரேட்டரும், 1989-ல் கோரல்டிராவும் வந்தன. தமிழகத்திலும் கேரளத்திலும் கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைகளில் கோரல்டிரா தெரியாத ஆள் அபூர்வம். 2003-ல் தொடங்கிய இங்க்ஸ்கேப் காசில்லாமலே கிடைக்கிறது.

இவற்றில் ஒரு பாவையை வரைவது, தோலில் வரைவதற்கு விசித்திரமான அளவுக்கு ஒத்துப்போகிறது. முதலில் வெளிக்கோடு: கிரீடத்தின் உச்சியில் தொடங்கி, மூக்கு, மோவாய், மார்பு, கால் என்று இறங்கி, முதுகு வழியாக ஏறித் தொடங்கிய இடத்துக்கே வந்து மூட வேண்டும். மூடிய வடிவத்துக்குக் கறுப்பு நிரப்பலாம். பிறகு உள்ளே துளைகள். ஒரு நெல்மணியை வரைந்து, அதை உடலிலிருந்து கழிக்கும்படி கட்டளை கொடுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். உளி செய்ததும் அதுதான். ஒரு நெல்மணியை வரைந்தால் போதும், நூறு பிரதிகள் எடுத்து மாலையாகக் கோத்துவிடலாம். உளிக்காரர் நூறு முறை சுத்தியலைத் தட்ட வேண்டும்.

தோலிலும் காகிதத்திலும் மீற முடியாத ஒரு விதி இருக்கிறது. எந்தத் துளையும் இன்னொரு துளையோடு சேர்ந்து வட்டம் போட்டுவிடக் கூடாது. போட்டால் நடுவில் இருப்பது கழன்று விழும். கண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றி முழு வட்டமாக வெட்டினால் கருவிழி கையோடு வந்துவிடும். அதனால் கருவிழியை மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ ஒரு சிறு பாலத்தால் கட்டி வைக்க வேண்டும். பாவைகளின் நீண்ட, ஓரம் இழுத்த கண்ணுக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல, இந்தப் பாலமும் காரணம். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. திரையில் கருவிழி அந்தரத்தில் நிற்கும். வெட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

32 மில்லிமீட்டர் இராவணன்

காகிதத்தில் சின்ன உருவங்கள் வெட்டி நிறுத்தும் பழக்கம் மேல்நாட்டில் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் அச்சிட்ட காகிதச் சிப்பாய்கள் பிரசித்தம். லண்டனில் 19-ஆம் நூற்றாண்டில் நாடகப் பாத்திரங்களைத் தாளில் அச்சடித்து விற்றார்கள். வண்ணமில்லாதது ஒரு பென்னி, வண்ணம் போட்டது இரண்டு பென்னி. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சிறுவயதில் அதில் மயங்கிக் கிடந்தவர். 1884-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். இன்று மேஜை விளையாட்டுக்காரர்கள் உலோகப் பொம்மைகளுக்குப் பதிலாகக் காகித வீரர்களை வெக்டாரில் வரைந்து, அச்சடித்து, வெட்டி நிறுத்துகிறார்கள்.

அதற்கு ஒரு செய்முறை உண்டு. உருவத்தின் முன்பக்கத்தை வரைந்து, அதன் தலைக்கு மேலே தலைகீழாகப் பின்பக்கம். இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல் ஒத்திருக்க வேண்டும். தலைப் பக்கம் மடித்து ஒட்டினால் இருபுறமும் படம் வரும். அடியில் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் நாக்கு விட்டு, அதை மடித்து ஒட்டினால் நிற்கும். உருவத்தைச் சுற்றிக் கனமான கறுப்புக் கோடு ஒன்று அவசியம். கத்தரி அரை மில்லிமீட்டர் விலகினாலும் வெள்ளை தெரியாது.

பாவை விஷயத்தில் ஒரு சௌகரியம். பாவை பக்கவாட்டில் பார்க்கிற உருவம். பின்பக்கத்துக்குத் தனிப் படம் தேவையில்லை. அதே வெளிக்கோட்டைத் திருப்பிப் போட்டால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருவம் 32 மி.மீ. உயரம், 25 மி.மீ. அகலம். முன்னும் பின்னும் நாக்குகளும் சேர்த்து 84 மி.மீ. நீளம். ஏ4 தாளில் வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை, ஆக 21 உருவங்கள். 160 பாவைகளுக்கு எட்டுத் தாள். விசுவாமித்திரரிலிருந்து விபீஷணன் வரை எட்டுத் தாளில் அடங்கிவிடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் கனத்த தாளில் அச்சடிக்க ஆகும் செலவு ஒரு பிளேட் மசால் தோசையைத் தாண்டினால் அதிகம்.

ஆனால் கம்ப்யூட்டர்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தை இங்கே அப்படியே நம்பிவிடக் கூடாது. 'வெக்டாரை எந்த அளவுக்கும் சுருக்கலாம்' என்பார்கள். கோடு சுருங்கும், வாஸ்தவம். 80 சென்டிமீட்டர் பாவையை 32 மில்லிமீட்டராக்கினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. பாவையில் 3 மி.மீ. இருந்த துளை 0.12 மி.மீ. ஆகிவிடும். கிட்டத்தட்டத் தலைமுடி. அச்சில் அது மசியோடு மசியாக அடைத்துக் கொள்ளும். கத்தியால் வெட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே சுருக்குவது போதாது, திரும்ப வரைய வேண்டும். நாற்பது துளையுள்ள ஆரத்தை ஐந்தாகக் குறைத்தாலும் அது இராவணனின் ஆரமாகவே தெரிய வேண்டும். எதை வைத்துக் கொள்வது, எதை விடுவது என்ற தீர்மானத்தை எந்த சாஃப்ட்வேரும் எடுக்காது. அசல் பாவையைப் பல மணி நேரம் பார்த்த கண்ணுக்குத்தான் அது வரும்.

புகைப்படத்தைக் கொடுத்தால் தானாகக் கோடாக்கித் தரும் வசதியும் உண்டு. அவசரக்காரர்களுக்குப் பிடித்தது. ஆனால் அது தோலின் சுருக்கத்தையும் உதிர்ந்த ஓரத்தையும்கூட விசுவாசமாகக் கோடாக்கித் தள்ளும். முப்பது இடத்தில் முடிய வேண்டிய வெளிக்கோட்டில் முந்நூறு முடிச்சுகள். பிறகு அதைத் திருத்துவதைவிட முதலிலிருந்து வரைவது சுலபம்.

ரோபோவும் புலவரும்

இந்தக் கலையில் புதுமை நுழைவது புதிதல்ல. ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925-2000) கூத்துமாடத்துக்கு வெளியே பாவைகளைக் கொண்டு வந்தவர். 21 இரவு நீளும் கதையை அவையில் உட்காருபவர்களுக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டினார். அவருடைய மகன் இராமச்சந்திரப் புலவர் 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடும்பத்துப் பெண்களும் இப்போது பாவை பிடிக்கிறார்கள். கூத்துமாடத்துக்குள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் மட்டுமே இருந்த கலை இது என்பதை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. 2021-ல் பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காக, திருச்சூர் ரோபோ நிறுவனம் ஒன்றின் துணையுடன் பாவைகளைத் தானே அசைக்கும் இயந்திரமும் செய்யப்பட்டது. பாவையின் அசைவு குறைவு என்பதால் ரோபோவுக்கு அது பெரிய சவாலல்ல.

கோட்டை ஃபைலாக்கினால் இரண்டு பயன்கள் கண்கூடு. தோல் அழியும்; எண்ணெய்ப் புகையும் பூச்சியும் சும்மா விடாது. பாவை போனால் அதன் கோடும் போய்விடும், இன்னொரு பாவையில் பிரதி எடுத்து வைத்திருந்தால் தவிர. ஃபைல் இருந்தால் கோடு நிற்கும். இரண்டாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கறுப்பு அட்டையில் 20 சென்டிமீட்டர் பாவை ஒன்றை வெட்டி, கையை ஒரு பித்தளை ஆணியால் கோத்து, மூங்கில் குச்சி ஒட்டி, வேட்டித் துணிக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஒரு மாலைக்குள் அனுமன் பறந்துவிடுவான்.

பயமும் நியாயமானதே. ஃபைல் கையில் கிடைத்தால் லேசர் இயந்திரம் உள்ள எவரும் ஒரு நாளில் நூறு பாவை வெட்டி அலங்காரப் பொருளாக விற்கலாம். ஒரு பாவையை நாட்கணக்கில் கொத்தும் குடும்பம் அந்த விலைக்குப் போட்டி போட முடியாது. கோயில் இரவுகளுக்குக் கிடைக்கும் வரும்படி சொற்பம் என்ற நிலையில், பாவை செய்து விற்பதும் அவர்களுக்குச் சோறு போடுகிறது. பாரம்பரிய வடிவத்துக்குத் தனியாக ஒரு ஆசிரியர் இல்லாததால், சாதாரணக் காப்புரிமைச் சட்டமும் சட்டென்று கைகொடுப்பதில்லை. ஃபைலைப் பொதுவில் விடுவதா, குடும்பத்தின் கையிலேயே வைப்பதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களைக் கேட்காமல் 'கலையைக் காப்பாற்ற'ப் புறப்படும் உற்சாகிகள் உதவியைவிட இடைஞ்சலையே செய்வார்கள்.

இதில் தமிழர்கள் யோசிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கேரளத்தில் தமிழ் வீட்டுமொழியாக உள்ள பகுதிகள் கொஞ்சமல்ல. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை. இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் கம்பனைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதே கம்பனை, மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட புலவர்கள் மனப்பாடமாக, பாட்டுப் பாட்டாக, விடிய விடியச் சொல்லும் இடம் சில மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. ஆடற்பற்று என்று அவர்கள் அழைக்கும் அந்தத் தொகுப்பில் அச்சான கம்பராமாயணத்தில் காணாத பாட்டுகளும் உண்டு. சொற்கள் மலையாள நாவில் உருண்டு வேறு ஓசை பெற்றிருக்கின்றன.

எட்டுத் தாளில் இந்தப் பாட்டு வராது. பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது புலவர்கள் கிளம்பிப் போகும் கிளைக்கதைகளும், ஒருவர் கேட்க மற்றவர் மடக்கும் வாதங்களும் வராது. ஒரு வித்தையைக் கற்க இளைஞன் பல ஆண்டுகள் கூத்துமாடத்தில் உட்கார்வது உளி பிடிக்க மட்டுமல்ல, இதற்காகவும்தான். வெட்டிய காகித இராமனைக் கையில் வைத்திருக்கும் மூணாற்றுப் பிள்ளைக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இவன் என்ன பேசுவான்? அதற்குப் பதில் சொல்ல, ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில், ஒரு இரவுக்கு கவளப்பாறை ஆரியங்காவுக்குக் கூட்டிக் கொண்டு போக வேண்டியிருக்கும். மணலில் இடம் தாராளமாக இருக்கிறது.