உங்கள் பிகாச்சு ஏன் பிந்துகிறது?

குழந்தைகளே! போகிமான் விளையாட்டில் உங்கள் பிகாச்சுவும் நண்பனின் பிகாச்சுவும் ஒரே நிலையில் இருந்தும், அவனுடையதே முந்திக்கொள்கிறதா? பிறவித் திறன் ஒரு காரணம். இன்னொரு காரணம், நீங்கள் வீழ்த்திய எதிரிகள்!

2002-இல் வந்த 'ரூபி', 'சஃபையர்' விளையாட்டுகளைப் பாருங்கள். வௌவால் போன்ற ஜூபாட்டை வீழ்த்தினால், வேகத்திற்கு ஒரு பயிற்சிப் புள்ளி. பாறை போன்ற ஜியோடூடை வீழ்த்தினால், தற்காப்புக்கு ஒன்று. இவை திரையில் தெரியாது. நான்கு புள்ளி சேர்ந்தால், 100-ஆம் நிலையில் அந்தத் திறன் சுமார் ஒன்று கூடும். ஒரு திறனுக்கு 252 போதும். 252-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 63! (வகுத்தல் எங்கே உதவும் என்று கேட்டீர்களே!)

ஆனால், ஆறு திறனுக்கும் சேர்த்து மொத்தம் 510 புள்ளிதான். கண்ணில் பட்டதோடெல்லாம் மோதினால் அவை சிதறிவிடும். பிகாச்சுவின் பலமே வேகம்தான். ஆகவே, கிரானைட் குகையில் ஜூபாட் வந்தால் மோதுங்கள். ஜியோடூட் வந்தால், வெட்கப்படாமல் ஓடிவிடுங்கள்!