முந்துவது யார் என்பதா செய்தி?

2024 ஜூன் முதல் நாள் மாலை நினைவிருக்கிறதா? ஏழாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்த கையோடு தொலைக்காட்சிகள் எண்களை வாரி இறைத்தன. ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. 400 என்றவையும் உண்டு. ஜூன் 4 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது கிடைத்ததோ 293.

கணிப்பு பொய்த்ததைவிட நம்மை வருத்துவது வேறொன்று. வேட்பாளர் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்பது 2002இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எவரும் படிக்கலாம். ஆனால் அதை ஆராய்ந்து எழுதச் செய்தியாளரை அமர்த்துவதைவிட, நால்வரை எதிரெதிரே உட்கார வைத்துச் சச்சரவிடச் செய்வது மலிவானது. (தாடி வைத்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சீண்டுவதும் அவ்வணிகத்தில் சேர்த்தி!) விளைவு? தெருக் குடிநீரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மறந்து, வெல்பவர் பக்கம் சாய்வதே அறிவுடைமை என்றாகிவிடுகிறது.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கிறது. அடுத்த தேர்தலில் வேட்பு மனுக்கள் ஏற்கப்பட்டதும், உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பத்திரங்களை எடுத்து, வாப்பாவும் உம்மாவும் கேட்க உரக்கப் படிக்குமாறு வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.