கிளம்ப மறுக்கும் பழைய மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியொன்று கிளம்பாது நின்றுவிட்டால், அதனைச் சூழ்ந்து நிற்போர் அனைவரும் வைத்தியராகிவிடுவர். “பம்பு போயிற்று” என்பார் ஒருவர். “கார்புரேட்டரைக் கழற்றும்” என்பார் மற்றொருவர். இவர்தம் சொற்கேட்டு உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பொருளிழந்தோர் பலர். அவ்வாறன்றி, பெட்ரோல் செல்லும் வழியைத் தொடர்ந்து சென்று, அஃது எவ்விடத்தில் தடைப்பட்டதெனத் துணியும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோயினும் இன்றும் நம் தெருக்களில் ஆங்காங்குக் காணப்பெறும் அம்பாஸிடர் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அவ்வண்டியில் பெட்ரோல் தொட்டி பின்புறத்தே உள்ளது. அங்கிருந்து நீண்டதொரு குழாய், எஞ்சினின் பக்கத்தே பொருத்திய பம்பிற்கு வருகின்றது. எஞ்சின் சுழலுங்கால் அதன் காம் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது பம்பினுள் உள்ள மெல்லிய சவ்வை இழுக்கின்றது. அவ்விழுப்பால் பெட்ரோல் தொட்டியினின்று வருகின்றது. சவ்வு மீளுங்கால் கார்புரேட்டரின் மிதவை அறைக்குள் தள்ளப்படுகின்றது. ஆகவே பம்பிற்கு முன்னுள்ள வழி உறிஞ்சும் வழி. பின்னுள்ளது தள்ளும் வழி. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வார்க்கு மேல்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

முதற்கண் பிளக்கில் பொறி வருகின்றதா எனப் பார்த்துவிடல் வேண்டும். பொறி இல்லாதவிடத்துப் பெட்ரோலைக் குறை கூறிப் பயனில்லை. அடுத்து, தொட்டியில் பெட்ரோல் உண்டா? நகைக்க வேண்டா. பழைய வண்டியின் அளவுகாட்டி பொய்ச்சாட்சி சொல்லப் பழகியது. இரண்டு லிட்டர் ஊற்றிப் பார்த்தலே தக்கது.

பின்னர்க் காற்று வடிகட்டியை நீக்கி, எஞ்சின் நின்ற நிலையிலேயே கார்புரேட்டரின் வாயை நோக்கியவாறு ஆக்ஸிலேட்டரை அழுத்துக. மெல்லிய பெட்ரோல் தாரை தோன்றுமாயின் மிதவை அறையில் பெட்ரோல் உண்டு. தோன்றாவிடின், காயிலுக்கு மின்சாரம் வரும் கம்பியைக் கழற்றிப் பொறி எழாதவாறு செய்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியினுள் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றுக. எஞ்சின் ஆறியிருத்தல் வேண்டும். சுருட்டுப் பிடிப்போர் தொலைவில் நிற்றல் வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீறிடின் பம்பில் குறையில்லை. கார்புரேட்டரின் நுழைவாயிலில் உள்ள வலையோ ஊசி வால்வோ அடைபட்டுள்ளது.

ஒன்றும் வாராவிடின் எல்லாரும் பம்பையே குற்றஞ்சாட்ட விரைவர். யாம் அதற்கு உடன்படோம். உறிஞ்சும் வழியில் உள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருப்பின், பெட்ரோல் வெளியே சொட்டாமலே இருக்கக்கூடும். பம்பு இழுக்குங்கால் வெடிப்பின் வழியே காற்றுத்தான் புகும். ஈரமே காணாததால் குழாய் நன்றாயுள்ளது என்று மெக்கானிக்குகளும் ஏமாறுவதுண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நம் நாட்டில் விற்கப்படுகின்றது. பழைய ரப்பரை எத்தனால் கெடுக்க வல்லதாதலின் இச்சோதனை முன்னினும் இன்றியமையாததாயிற்று. இனி, தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் பெட்ரோல் வாராது. சில மைல் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தபின் மீண்டும் ஓடும் வண்டியில் இதனை ஐயுறுக. மூடியைத் திறக்குங்கால் ‘உஸ்’ எனக் காற்று உட்செல்லும் ஒலி கேட்கும்.

ஐயமறத் தெளியும் வழி ஒன்று உண்டு. பம்பின் உறிஞ்சும் வாயில் புதிய குறுங்குழாயைப் பொருத்தி, அருகில் வைத்த புட்டியிலுள்ள பெட்ரோலினுள் அமிழ்த்தி, மீண்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றுக. இப்பொழுது பெட்ரோல் வருமாயின் பம்பு குற்றமற்றது. சில பம்புகளில் கையால் அடிக்கும் நெம்பும் உண்டு. காம் உயர்ந்த நிலையில் நிற்பின் அந்நெம்பு தளர்ந்தாடும். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பியபின்னரும் அது பிடிக்காவிடில் மட்டுமே ஐயுறல் தகும். சவ்வு கிழிந்திருப்பின் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயிற் கலந்து, அளவுகோலில் எண்ணெய் உயர்ந்தும் பெட்ரோல் மணத்துடனும் தோன்றும். அந்நிலையில் எஞ்சினை ஓட்டலாகாது.

கோடையிலும் மலைப்பாதையிலும் குழாயினுள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியடைத்தல் வேறு. பம்பின்மீது ஈரத்துணி சுற்றிக் காத்திருந்தால் அது நீங்கும்.

ஈண்டு ஒன்று வற்புறுத்துவோம். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ஒரு சிறு மிடறு நுரையீரலுட் சென்றாலும் உயிருக்கே இடர் நேரலாம். கைப்பம்பு ஒன்று வாங்குதல் பெருஞ்செலவன்று.

பெட்ரோல் மிகுந்து கிளம்பாமையும் உண்டு. மணம் கடுமையாக வீசிப் பிளக்குகள் நனைந்திருப்பின், சோக்கை விடுத்து, ஆக்ஸிலேட்டரை இறுதிவரை ஒருமுறையே அழுத்திப் பிடித்துச் சுழற்றுக. மீண்டும் மீண்டும் அவ்வாறே நேரின் மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டுக. பித்தளை மிதவையினுள் சலசலப்புக் கேட்பின் அதில் துளை விழுந்து பெட்ரோல் புகுந்துள்ளது. கனத்து அமிழ்ந்த மிதவையால் ஊசி வால்வை மூட இயலாது.