திருப்பம் – 9: தவளை மூச்சு

போன வாரம் இரும்பு நுரையீரல் என்ற மூச்சுப் பெட்டிக்குள் ஆளைப் படுக்கவைத்ததோடு நிறுத்தினேன். தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, துருத்தி காற்றை உறிஞ்சும்போதெல்லாம் உள்ளே நெஞ்சு விரியும், நினைவிருக்கும். இந்த வாரம், இளம்பிள்ளை வாதத்தால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த கதை என்று சொல்லியிருந்தேன். அவர் கொஞ்சம் பொறுக்கட்டும். அவரைத் தேடிப் போன வழியில் ஒரு தவளை குறுக்கே வந்துவிட்டது.

தவளைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. வாயின் அடிப்பகுதியை இறக்கி, மூக்கு வழியாகக் காற்றை வாய்க்குள் நிரப்பிக்கொள்ளும். பிறகு மூக்கை மூடி, அடிப்பகுதியை மேலே ஏற்றி, அந்தக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளிவிடும். அதாவது, மூச்சை இழுப்பதில்லை, விழுங்குகிறது.

இதை மனிதனும் செய்யலாம். இளம்பிள்ளை வாதம் முதுகுத்தண்டில் உள்ள நரம்புகளைத் தின்றுவிட்டால் உதரவிதானம் படுத்துவிடும். ஆனால் நாக்குக்கும் தொண்டைக்கும் நரம்பு வருவது மூளைத்தண்டிலிருந்து. பல நோயாளிகளுக்கு அது தப்பித்துவிடும். அந்த நாக்கால் ஒரு மிடறு காற்றைத் தள்ளி, குரல்வளையை மூடி, அடுத்த மிடறைத் தள்ள வேண்டும். ஒரு மிடறு சுமார் 60 மில்லிலிட்டர். நாம் யோசிக்காமல் இழுக்கும் சாதாரண மூச்சோ சுமார் 500. கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு மூச்சுக்கு எத்தனை விழுங்கல் என்று. இதை 1951இல் மருத்துவ உலகுக்கு எழுதிச் சொன்னவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிளாரன்ஸ் டெயில். (ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் ஆழ்கடலில் மூழ்குபவர்கள் இன்று இதே உத்தியால்தான் நுரையீரலைத் திணித்து நிரப்பிக்கொள்கிறார்கள். வேண்டாம், அந்தப் பக்கம் போனால் இடம் போதாது.)

டெக்சாஸ் மாநிலம் டாலஸில் 1952 கோடையில், ஆறு வயதில், பால் அலெக்சாண்டர் அதே இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பெட்டிக்குள்தான் வாழ்க்கை. மின்சாரம் போனால் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து துருத்தியைக் கையால் அடிப்பார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி பையனிடம் ஒரு பேரம் பேசினார்: இயந்திரம் இல்லாமல் மூன்று நிமிடம் தவளை மூச்சு விட்டுக் காட்டு, ஒரு நாய்க்குட்டி உனக்கு. மூன்று நிமிடத்தை எட்டக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று. நாய்க்குட்டி வந்தது.

மூன்று நிமிடம் மெல்ல மணிக்கணக்காக நீண்டது. பள்ளிக்கூடத்தில் உட்காராமலே பள்ளிப்படிப்பை முடித்தார். ஆஸ்டினில் 1984இல் சட்டப் பட்டம் வாங்கினார். வழக்கறிஞராகி, கோட்டு சூட்டோடு, உடலை நிமிர்த்திப் பிடிக்கும் சக்கர நாற்காலியில் நீதிமன்றம் போனார். எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே காற்றையும் விழுங்க வேண்டும். ஒவ்வொரு மிடறும் தெரிந்தே செய்வது; தூக்கத்தில் நடக்காது. அதனால் ராத்திரிக்குப் பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். பிற்காலத்தில், அதன் உதிரிபாகம் செய்வோரே இல்லாமல் போனபோது, பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வாயில் கவ்விய குச்சியால் விசைகளைத் தட்டித் தன் கதையை எழுதி, 2020இல் வெளியிட்டார். புத்தகத்தின் பெயரிலும் அந்த நாயும் மூன்று நிமிடமும் உண்டு. 2024 மார்ச்சில், 78 வயதில் இறந்தார்.

இத்தகையவர்களை ‘மன உறுதியின் சிகரம்’ என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மன உறுதி உள்ள எத்தனையோ பிள்ளைகள் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்திருப்பார்கள். இங்கே ஒரு நுட்பம் இருந்தது, அதை அறிந்த ஒருவர் வீடு தேடி வந்தார், ஒரு வருடம் பொறுமை காட்டினார். திருப்பம் என்றால் ஒரே கணம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வருடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட் ராபர்ட்ஸும் பகலில் தவளை மூச்சுக்காரர்தான். வேலைக்கு லாயக்கில்லை என்று அவரைத் தள்ளிய கலிஃபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1970களில் இயக்குநராகப் போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவர்தான். தவளைக்கு இனி இடமில்லை.

(தொடரும்)