ஆங்கில வாக்கியத் திருத்தத்திற் சுட்டுப்பெயர் மயக்கம்

மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் பயிலும் மாணவரின் கட்டுரைகளைத் திருத்துவோர் எழுத்துப் பிழையையும் காலப் பிழையையும் எளிதிற் காண்பர். அத்தகைய பிழை எதுவுமின்றியே பொருள் மயங்கி நிற்கும் வாக்கியம் கண்ணிற் படாது போதலும் உண்டு. சுட்டுப்பெயர் எப்பெயரைக் குறிக்கிறது என்பது தெளிவுறாமையே இம்மயக்கத்தின் காரணம். அட்டன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளின் வாழ்க்கையோடு ஒட்டிய எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

"கங்காணி தொழிலாளியிடம் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றார்" என்புழிக் கங்காணியின் தந்தையே குறிக்கப்படுகிறார். "அவன் தந்தை" என மாற்றின் தொழிலாளியின் தந்தை என்பது பெறப்படும். தமிழில் 'தம்' எழுவாயைச் சாரும். 'அவன்' மற்றையோனைச் சுட்டும். ஆங்கிலத்திலோ ஈரிடத்தும் 'ஹிஸ் ஃபாதர்' என்பதே வரும். 'அவர்', 'அவன்' என்பன உணர்த்தும் மதிப்பு வேறுபாடும் அங்கு மறைந்துவிடும்.

இதனைச் சிறு வேறுபாடெனத் தள்ளுதல் தகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடியுரிமை பெறுவதற்கு, அவருடைய தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தது இச்சட்டத்தினாலேயே. 'யாருடைய தந்தை' என்னும் வினா அவர்க்கு இலக்கண வினா மாத்திரமன்று.

அஃறிணைச் சுட்டு இன்னும் மயக்கந் தருவது. "கொழுந்தைக் கூடையோடு தூக்கி அதை நிறுத்தனர்" என்னும் வாக்கியத்தில் நிறுக்கப்பட்டது கொழுந்து மட்டுமா, கூடையும் சேர்ந்தா? ஆங்கிலத்தின் 'இற்' என்பதும் இவ்வாறே நிற்கும். கூடையின் நிறை கழிக்கப்படுதல், படாமை பற்றிய முறைப்பாட்டில் இவ்வாக்கியம் இருபாலார்க்கும் இடங்கொடுக்கும்.

திருத்துவோர் செய்யத்தக்கவை மூன்று. ஐயத்திற்குரிய ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கி, 'தம்', 'அவன்' இரண்டும் பொருந்துமாயின் அது மயங்கியதெனக் கொள்க. அவ்வழிப் பெயரை மீட்டும் எழுதுக. அன்றேல் தன்மைப் பெயர் வரும் நேர்கூற்றாக்குக. 'திஸ்' என்பது முன்னைய வாக்கியம் முழுவதையும் தழுவி நிற்குமாயின், 'இம்மறுப்பு', 'இக்கழிவு' என்றாற்போல அதன்பின் ஒரு பெயரைச் சேர்க்குக.

இந்நெறி நமக்குப் புதிதன்று. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருமிடத்து இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் கூறுக எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. சுட்டுப்பெயர் முற்படுதலைச் செய்யுட்கே உரியதாக்குகிறது. எனினும் அவ்விதி ஒரு பெயர் உள்ளவிடத்துக்கே போதுமானது. இரு பெயர் முன்னிற்பின் வரிசை மட்டும் உதவாது.

பெயரை மீட்டும் எழுத மாணவர் தயங்குவர். கூறியது கூறல் குற்றமென அவர் கற்றுள்ளனர். நன்னூல் அக்குற்றத்தைச் சொல்லும் பத்தினுள்ளேயே மயங்க வைத்தலையும் வைத்துள்ளது. பொருளைத் தெளிவித்தற்கு மீட்டுங் கூறும் பெயர் பயனுடையது. ஆதலின் அது குற்றமாகாது. முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் வீழாதிருக்க மாணவரைப் பழக்குதலே திருத்தத்தின் பயனாம்.