பொத்தானை அழுத்தினால் குதிரைகள் கூடுமா?

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை என்னிடம் வந்தான். "சார், காரில் 'ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் எத்தனை குதிரைத் திறன் கூடும்?" என்று கேட்டான். வெறும் ஆர்வத்தில் எழுந்த கேள்வியன்று அது. அவனுடைய அண்ணன் கடனில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். அதன் கணிப்பொறியில் சில மாற்றங்களைச் செய்தால் நாற்பது குதிரைத் திறன் கூடிவிடும் என்று பட்டறைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் முன்பணம் கொடுக்க வேண்டுமாம்.

இதற்கு விடை காணப் பள்ளி இயற்பியலே போதும். முதலில் குதிரைத் திறன் என்பது என்ன என்று பார்ப்போம்.

ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை விற்கப் புறப்பட்டபோது, ஆலைகளில் செக்கு மாடுபோலக் குதிரைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "உமது எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதே வாங்குவோரின் கேள்வி. அவர் 1782-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கணக்குப் போட்டார். குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 முறை சுற்றுகிறது. 180 பவுண்டு விசையுடன் இழுக்கிறது. பெருக்கிப் பாருங்கள், நிமிடத்திற்கு ஏறத்தாழ 32,600 அடி-பவுண்டு வரும். வாட் அதை 33,000 என்று முழுமைப்படுத்திக்கொண்டார். இன்றைய அலகில் இது 746 வாட்.

உங்கள் திறனையும் நீங்களே அளக்கலாம். 50 கி.கி. எடையுள்ள மாணவர் 3 மீட்டர் உயர மாடிப்படியை 4 நொடியில் ஓடி ஏறினால், 50 × 9.8 × 3 ÷ 4 = சுமார் 367 வாட். அரைக் குதிரை! ஆனால் அதே வேகத்தில் பத்து மாடி ஏற உங்களால் இயலாது. இதை நினைவில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

திறன் என்பது விசை அன்று. விசையை வேகத்தால் பெருக்க வருவது திறன். சுழலும் எஞ்சினுக்கு, முறுக்குவிசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்க வேண்டும். பொத்தானின் மாயம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலையில் 2021 வரை உருவான 'ஜீப் கிராண்ட் செரோக்கி ட்ராக்ஹாக்' என்னும் எஸ்.யூ.வி. அது. எட்டு சிலிண்டர்கள், 6.2 லிட்டர் கொள்ளளவு, 707 குதிரைத் திறன். எடையோ 2,400 கிலோவுக்கு மேல். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை 3.5 நொடியில் எட்டும் என்று தயாரிப்பாளர் அறிவித்தனர். 'ஆட்டோ', 'ஸ்போர்ட்', 'ட்ராக்' எனப் பல ஓட்டுமுறைகள் அதில் இருந்தன. எந்த முறையில் ஓட்டினாலும் எஞ்சினின் உச்சத் திறன் அதே 707 தான்.

அப்படியானால் ஸ்போர்ட் முறையில் வண்டி துள்ளிப் பாய்வதாகத் தோன்றுவது ஏன்?

பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து ஓர் உலோகக் கம்பி சென்று எஞ்சினின் காற்று வாயிலைத் திறந்தது. இன்றைய கார்களில் அக்கம்பி இல்லை. மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதை ஓர் உணரி மின் குறிப்பாகக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. வாயிலை எவ்வளவு திறப்பது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. ஸ்போர்ட் முறையில், பாதி மிதித்தாலே முக்கால் பங்கு வாயில் திறக்கும்படி அதன் அட்டவணை மாறுகிறது. தண்ணீர்க் குழாயின் திருகை அவ்வாறு மாற்றி அமைத்தால், பாதி திருப்பியதுமே நீர் கொட்டும். ஆனால் முழுதும் திறந்தால் முன்பு வந்த அதே நீர்தான் வரும். மிதியைத் தரையோடு அழுத்தும்போது இம்முறைகளுக்கிடையே இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

அடுத்தது கியர். மேலே சொன்ன பெருக்கலை இங்கே பயன்படுத்துவோம். எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் 600 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். திறன் சுமார் 126 கிலோவாட், அதாவது 168 குதிரை. எஞ்சியவை எங்கே? அவை 6,000 சுற்றில் இருக்கின்றன. அங்கே சுமார் 840 நியூட்டன்-மீட்டர் கிடைக்கிறது. திறன் 527 கிலோவாட் ஆகிறது. வழக்கமான முறையில் கணிப்பொறி எரிபொருளைச் சிக்கனப்படுத்த விரைவில் உயர் கியருக்கு மாறி, எஞ்சினை மெதுவாகச் சுழல விடுகிறது. ஸ்போர்ட் முறையில் தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழல வைக்கிறது. கியர் மாற்றும் நேரமும் குறைகிறது. ட்ராக்ஹாக்கின் ட்ராக் முறையில் அது 0.16 நொடி. ஆக, புதிய குதிரை ஒன்றும் வரவில்லை. இருந்த குதிரைகள் லாயத்தின் வாசலில் சேணத்துடன் நிற்கின்றன. விறைப்பாகும் அதிர்வு தாங்கிகளும் இறுகும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவரின் உணர்வை மாற்றுபவை. திறனுக்கும் அவற்றிற்கும் தொடர்பில்லை.

இன்னொரு மாற்றம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆட்டோ முறையில் முறுக்குவிசையில் 40 விழுக்காடு முன் சக்கரங்களுக்கும் 60 விழுக்காடு பின் சக்கரங்களுக்கும் சென்றது. ஸ்போர்ட்டில் 35-65, ட்ராக்கில் 30-70. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? காரும் அவ்வாறே பின்னால் அமர்கிறது. ஓட்டுநருடன் சேர்த்து 2,500 கிலோ எடை, ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில், முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.9 மீட்டர் என்று கொண்டால், அந்த 3.5 நொடிப் பாய்ச்சலில் ஏறத்தாழ 470 கிலோ எடைக்குச் சமமான பாரம் முன் சக்கரங்களை விட்டுப் பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. பாரம் மிகுந்த சக்கரமே தரையை நன்கு பற்றும். எனவே விசையும் அங்கே செல்ல வேண்டும்.

தரையைப் பற்றுவது என்று சொன்னேன். இங்கேதான் விளம்பரங்கள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் இந்த வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 9 லட்சம் ஜூல். 3.5 நொடியில் அதைப் பெற்றால் சராசரித் திறன் 257 கிலோவாட், அதாவது 345 குதிரை. 707-இல் பாதிகூட இல்லை! மீதி எங்கே போயிற்று?

உராய்வுக் குணகம் 1 என்றே வைத்துக்கொள்வோம். நான்கு டயர்களும் சேர்ந்து தரையைத் தள்ளக்கூடிய விசை 2,500 × 9.8 = 24,500 நியூட்டன். அதற்கு மேல் ஒரு நியூட்டன் கூடினாலும் டயர் வழுக்கும். திறன் = விசை × வேகம். 527 கிலோவாட்டை 24,500-ஆல் வகுத்தால் நொடிக்கு 21.5 மீட்டர், மணிக்கு 77 கி.மீ. ஆகவே இந்த வேகத்தை எட்டும் வரை, 707 குதிரைகளையும் ஒருசேரப் பூட்ட இயற்கை அனுமதிப்பதில்லை. கியர்களில் இழக்கும் திறனைக் கழித்தால் இவ்வேகம் சற்றுக் குறையும். ஈரமான சாலையிலோ குணகம் பாதியாகலாம். அப்போது அதே வேகம் இரு மடங்காகிவிடும். பிரேக் பிடிப்பதற்கும் இதே டயரும் இதே உராய்வுமே துணை.

சரி, உண்மையாகவே குதிரைகளைக் கூட்ட வழி உண்டா? உண்டு. அது காற்றில் இருக்கிறது.

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு இழுக்கிறது. 6,000 சுற்றில், நொடிக்கு 50 முறை 6.2 லிட்டர், அதாவது 310 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 372 கிராம். ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எனவே நொடிக்கு 25 கிராம் பெட்ரோல்தான் எரிக்கலாம். கிராமுக்கு 44,000 ஜூல் என்றால் மொத்தம் 11 லட்சம் ஜூல். அதில் 28 விழுக்காடு இயக்கமாக மாறுவதாகக் கொண்டால் 415 குதிரைத் திறன் கிடைக்கும். பெட்ரோலை மட்டும் கூடுதலாகப் பீய்ச்சிப் பயனில்லை. விறகைத் திணித்தால் அடுப்பு புகையத்தான் செய்யும்.

ட்ராக்ஹாக்கில் 'சூப்பர்சார்ஜர்' என்னும் காற்றழுத்தி இருந்தது. எஞ்சினிலிருந்து ஒரு பட்டை அதைச் சுழற்றும். அது வளிமண்டல அழுத்தத்திற்கு மேலும் 0.8 மடங்கு அழுத்திக் காற்றைச் சிலிண்டருக்குள் திணித்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். இங்கும் அப்படியே, காற்று 100 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். சுட்ட காற்று விரிந்து அடர்த்தி குறையும். எனவே நீர்க்குளிர்ப்பான் வைத்து அதைக் குளிர்வித்தனர். 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி வெளிக்காற்றைப்போல் 1.6 மடங்கு. 415-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 664. நம் தோராயக் கணக்கு 707-ஐ நெருங்கிவிட்டது!

ஆனால் இதற்கு விலை உண்டு. அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். 'நாக்கிங்' என்னும் இந்தச் சுத்தியல் அடி பிஸ்டனையே உடைக்கக்கூடும். உயர் ஆக்டேன் பெட்ரோலும் உறுதியான பிஸ்டனும் வைத்து அந்த எஞ்சின் தொடக்கத்திலிருந்தே இதற்காக உருவாக்கப்பட்டது. இதே எஞ்சின் பொருத்திய 'டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்' என்னும் காருக்கு இரண்டு சாவிகள் தந்தார்கள். சிவப்புச் சாவிக்கு 707 குதிரை. கறுப்புச் சாவிக்கு 500 மட்டும். உலோகம் தாங்கக்கூடியதிலிருந்து கணிப்பொறியால் கழிக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

மின்சார வண்டிகள் இதற்கு ஒரு விலக்கு. ஹூண்டாய் 'அயோனிக் 5 என்' வண்டியில் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் திறன் 448 கிலோவாட்டிலிருந்து 478 ஆக உண்மையிலேயே உயர்கிறது. அங்கே காற்றுக் கணக்கு இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் போதும். ஆனால் பத்து நொடிக்குத்தான். மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வெப்பம் பெருகும் என்ற ஜூல் விதி அங்கே குறுக்கிடுகிறது. மாடிப்படி ஏறிய மாணவரின் நிலைதான்!

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "அண்ணனின் காரில் டர்போ இருக்கிறதா?" டர்போ என்பது புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் சுழலும் காற்றழுத்தி. அது இருந்தால், கணிப்பொறியை மாற்றி அழுத்தத்தைக் கூட்டித் திறனை ஓரளவு உயர்த்தலாம். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் தாங்குமா என்பது வேறு கேள்வி. அது இல்லாத எஞ்சினில், கணிப்பொறி காற்றுக்கு எங்கே போகும்? நாற்பது குதிரை என்பது வெறும் பேச்சு.

அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தான். டர்போ இல்லையாம். "கூடுதல் காற்று எங்கிருந்து வரும்?" என்று அண்ணன் கேட்டதற்குப் பட்டறைக்காரர் சைலென்சரை மாற்றுவது பற்றிப் பேசினாராம். முன்பணத்துக்கு வைத்திருந்த தொகையில் நான்கு புதிய டயர்கள் வாங்கியாயிற்று. பழையவற்றில் வரிப்பள்ளமே தேய்ந்து போயிருந்ததாம்.